மருமகளின் முன்னூறு கேள்விகள்

போன இதழில் மரவள்ளிக் கிழங்கு அடை பற்றி எழுதினேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே, அடையைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லாமல் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம். சின்னசேலம் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. மகள் நீட் தேர்வில் தேறிவிட்டாளாம். ஆனால் இங்கே அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், ஆறு வருஷத்தில் டாக்டராகத் திரும்பி வருவாள் என்று ஏஜெண்ட் ஒருவர் தினமும் வந்து திண்ணையில் உட்காருகிறாராம். "நகை, நிலம் எல்லாம் வைத்தால் பணம் புரட்டி விடலாம். அனுப்பலாமா அக்கா? திரும்பி வந்ததும் ஏதோ ஒரு பரீட்சை இருக்கிறதாமே, அது பெரிய விஷயமா?" என்று கேட்கிறார்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். டாக்டர் படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றுதான்: அந்த 'ஏதோ ஒரு பரீட்சை' எங்கள் வீட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் குடியிருந்தது. எங்களோடு சாப்பிட்டது, எங்களோடு தூங்காமல் விழித்திருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் மருமகள் 2013-ல் பிளஸ் டூ முடித்ததும் ரஷ்யாவுக்குப் போனவள். அவளுடைய அப்பா உளுந்தூர்பேட்டைப் பக்கம் கரும்பு விவசாயி. இரண்டு ஏக்கரை விற்றுத்தான் அனுப்பினார். ஆறு வருஷம் பனியிலும் குளிரிலும் இருந்து, அங்கே நோயாளிகளிடம் பேசுவதற்காக ரஷ்ய பாஷையையும் கற்றுக்கொண்டு, 2019-ல் பட்டத்தோடு வந்து சேர்ந்தாள். பட்டம் நல்ல பட்டம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு இங்கே ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதித் தர முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.எம்.ஜி.ஈ. என்ற தேர்வில் தேற வேண்டும். 2002-ல் வந்த ஏற்பாடு அது. நம் சின்ன வயசில் ரஷ்யாவில் படித்து வந்த டாக்டர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

ஒரே நாளில் இரண்டு தாள். தாளுக்கு 150 கேள்வி, 150 நிமிஷம். மொத்தம் 300 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தொட வேண்டும். தப்பாகத் தொட்டால் மார்க் குறைக்க மாட்டார்கள். 150 வாங்கினால் தேர்ச்சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்கும்போது சுலபமாக இருக்கிறது, இல்லையா? பாதி மார்க்தானே என்று நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024 ஜூன் பருவத்தில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவர்தான் தேறினார்.

2019 டிசம்பரில் முதல் முறை எழுதினாள், தேறவில்லை. அப்புறம் கொரோனா. 2021-ல் எங்கள் வீட்டு மருமகளாக வந்தாள். கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட வேண்டாம் என்று அவள் என் மகனிடம் சொல்லியிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை. கொட்டை எழுத்தில் போட வைத்தேன். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் யார் எதிரே வந்தாலும் "எங்க மருமக டாக்டரு" என்று ஆரம்பித்துவிடுவேன். அதன் பலன் என்ன தெரியுமா? 2022 நவம்பரில் பேரன் பிறந்த பிறகு அவள் கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். "எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க டாக்டர்?" என்று யாராவது கேட்பார்களே என்ற பயம்.

பிள்ளைக்கு ஒரு வயசு ஆனதும் மறுபடி புஸ்தகத்தை எடுத்தாள். எப்போது? எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு. இரண்டு மணி வரைக்கும். ஐந்தரைக்கு எழுந்து என் மகனுக்கு டிபன் கட்டுவாள். நான் அதைப் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எவ்வளவு பொறுப்பு!' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். பகலில் அவள் கையில் புஸ்தகம் இருந்தால் மட்டும் எனக்கு என்னவோ கை சும்மா இருக்கிற மாதிரி தோன்றும். "அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடுத்துட்டுப் படியேன்" என்பேன். வெங்காயம் முடிந்தால் துணி. துணி முடிந்தால் விருந்தாளி. 2024 ஜனவரி 20-ல் எழுதினாள். 138.

அடுத்தது 2024 ஜூலை 6 என்று தேதி வந்தது. அதற்குள் எங்கள் ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை வண்டி வண்டியாகக் கொண்டு வந்தார்கள். ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். இங்கே இடம் போதாமல் சேலத்துக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதில் பெண்களும் உண்டு.

மருமகள் கூடத்தில் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, கண்ணு தெரியலைன்னு சொல்றாங்களே, சாராயத்துக்கும் கண்ணுக்கும் என்ன?" என்று கேட்டேன். மெத்தனால் உடம்புக்குள் போனால் முதலில் பார்மால்டிஹைடாக மாறி, அப்புறம் பார்மிக் அமிலமாக மாறுமாம். ரத்தத்தையே புளிக்க வைக்கிற அந்த அமிலம் கண் நரம்பைத்தான் முதலில் தாக்குமாம். முறிவு மருந்தின் பெயர் போமிபிசோல், கூடவே டயாலிசிஸ் என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "இது எனக்கு ஒரு மார்க் கேள்வி அத்தை. பதில் தெரியும். ஆனா ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக்கூடத் தொட முடியாது." அன்றைக்குத்தான் இந்தப் பரீட்சை வெறும் பரீட்சை இல்லை என்று எனக்கு லேசாக உறைத்தது.

ஜூலையில் 147 வந்தது. மூன்றே மார்க்.

சகோதரிகளே, இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான விஷயம். ஆனால் எழுதாவிட்டால் அந்தச் சின்னசேலத்துச் சகோதரிக்குப் பாதிப் பதில்தான் சொன்னதாக ஆகும்.

ஆகஸ்டு மாதம் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊரில் சின்னதாக ஆஸ்பத்திரி நடத்துகிறார். "ராத்திரி டியூட்டிக்கு ஆள் கிடைக்கலை. மருமகப் பொண்ணை அனுப்புங்க. போர்டுல பேரு எங்க டாக்டர் பேருதான் இருக்கும், சீட்டும் அவர் பேர்லதான். இவங்க சும்மா பார்த்துக்கிட்டா போதும். மாசம் இருபத்தஞ்சாயிரம். யாரு வந்து கேட்கப் போறா?" என்றார். வீட்டில் கடன். கோச்சிங்குக்கு என்று நகை அடகில் இருந்தது. ஒவ்வொரு முறை பரீட்சைக்கும் ஆறாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. "போயிட்டு வாயேன் கண்ணு, கையும் பழகும், படிச்சதும் மறக்காம இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் குரல் உயரவில்லை. "அத்தை, நான் பதிவு பண்ணாத ஆளு. ஒரு ஊசி போட்டு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு பேரைச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள். அப்புறம் செல்போனில் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணப் பத்திரிகையில் நான் ஆசைப்பட்டுப் போட்ட அந்த ஒரு வார்த்தையை அவள் எவ்வளவு ஜாக்கிரதையாகத் தொடாமல் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். அதை நானே தெருவில் போடச் சொன்னேனே!

(போகிற போக்கில் ஒன்று. நீங்கள் பிள்ளையைக் காட்டுகிற டாக்டரின் மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற டாக்டர்கள் சீட்டில் அந்த எண்ணைப் போட வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.)

அன்று ராத்திரி வீட்டுக்காரரும் நானும் பேசினோம். அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். "மில்லுல ஷிஃப்டு போடுவோம். அப்படிப் போடு" என்றார். அப்படியே போட்டோம். காலை நாலு மணி முதல் எட்டு மணி வரை மருமகள் ஷிஃப்டு; அந்த நாலு மணி நேரம் பேரன் என் பொறுப்பு, டிபன் என் மகன் பொறுப்பு. தோசை வட்டமாக வர அவனுக்கு ஒரு மாசம் ஆயிற்று, அது வேறு கதை. பகல் பதினொன்று முதல் ஒன்று வரை மாமனார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் புஸ்தகம் கூடாது. பத்து மணிக்குப் புஸ்தகத்தை மூடச் சொன்னதும் அவளுக்குப் பயம். 'பின்தங்கிடுவேன் அத்தை' என்றாள். தூக்கம் கெட்டுப் படித்த மூன்று மணி நேரத்தை விட, தூங்கி எழுந்து படித்த ஒரு மணி நேரம் நிற்கிறது என்று அவளே இரண்டு வாரத்தில் ஒப்புக்கொண்டாள்.

ஏன் இவ்வளவு படித்த பெண் மூன்று முறை தவறினாள் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டேன். ரஷ்யாவில் பரீட்சை வாய்மொழியாம். மேஜையில் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி சீட்டுகள் இருக்கும், ஒன்றை எடுத்து, அதில் உள்ள கேள்விக்கு வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்து விளக்க வேண்டும். நன்றாக விளக்கத் தெரிந்தவள்தான். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி, நாலில் ஒன்றைத் தொடு என்றால் கை நடுங்குகிறது. இன்னொன்று, இங்கே கேட்கிற நோய்கள் அங்கே கிடையாது. பாம்புக் கடி அங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நம் ஊர்க் கரும்புக் காட்டில் கேட்டால் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். மூன்றாவது, சமுதாய மருத்துவம் என்று ஒரு பாடத்துக்கு மட்டும் முப்பது மார்க். தடுப்பூசி, குடிதண்ணீர், அயோடின் உப்பு, கிராம செவிலியர் என்று எல்லாம் நம் நாட்டுச் சங்கதி. அவள் இங்கே இல்லாத ஆறு வருஷத்தில் அதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்?

"அட, இது எனக்கே தெரியுமே!" என்றேன். சிரித்தாள். ஆனால் அதுதான் வழியாயிற்று.

பேரனின் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுக்களைச் சுவரில் ஒட்டினோம். பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் பென்டா. ஒன்பது மாசம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. நான் தாளித்துக்கொண்டே தேதியைச் சொல்வேன், அவள் ஊசியின் பெயரைச் சொல்வாள். எந்த ஊசி எந்தத் தொடையில் என்பது கூட எங்களுக்கு மனப்பாடம், பிள்ளை எந்தக் காலை உதறி அழுதான் என்பது நினைவிருக்கிறதே!

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கு அவளுக்கு ஒவ்வொரு முறையும் தப்பிவிடும். மாமனார் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப் போய் எங்கள் கிணற்றையே அளக்கச் சொன்னார். குறுக்கே மூன்று மீட்டர், தண்ணீர் ஆழம் இரண்டு மீட்டர். குறுக்களவை அதோடேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் பதினாலு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது பதினாலாயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்றால் முப்பத்தைந்து கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. கிணறு வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மழை முடிந்ததும் உதவும். அவளுக்கு அதற்கப்புறம் அந்தக் கணக்கு தப்பவே இல்லை.

பாம்புப் பாடம் என்னுடையது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிறார்கள். கட்டு விரியன் தரையில் படுத்தவர்களை ராத்திரியில் கடிக்கும். கடி அவ்வளவாக வலிக்காது, பல் பட்ட இடம் கூடத் தெரியாது. விடியற்காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள், கண் இமை தானாக இறங்கும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி ஆனதைச் சொன்னேன். "அத்தை, புஸ்தகத்துல இது அப்படியே இருக்கு!" என்று குதித்தாள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது, கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது ஒன்றுதான் முதலுதவி என்று எனக்குத் திருப்பிப் பாடம் நடத்தினாள். நான் அதுவரை கயிறு கட்டுகிற கட்சி.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போது அக்டோபரில் கல்வராயன் மலைக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். என் மகனோடு வேலை பார்க்கும் வாத்தியார் மலைக்காரர், வெள்ளிமலைக்கு அப்பால் சின்ன ஊர். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறும். மழைக்காலம், மலை பச்சென்று இருந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அதன் ருசியை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

சாப்பாடு நடக்கும்போது ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாசம், தலைப் பிள்ளை. "தலை வலிக்குது" என்று நெற்றியில் துணி கட்டியிருந்தாள். முகம் உப்பியிருந்தது. பெரியவர்கள் 'மாசம் ஏறினா வீங்கத்தான் செய்யும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மருமகள் இலையை விட்டு எழுந்து போய், அவள் கால் எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் எடுத்த இடம் குழியாக நின்றது. "கண்ணு மங்கலா தெரியுதா? மேல்வயிறு வலிக்குதா?" என்று கேட்டாள். "காலையிலேருந்து பூச்சி பறக்கற மாதிரி இருக்குக்கா" என்றது அந்தப் பெண்.

வாத்தியாரின் அம்மா, "நீங்க டாக்டரம்மாதானே, ஒரு மாத்திரை குடுங்க, படுத்து எழுந்தா சரியாயிடும்" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. மருமகள் நிமிர்ந்து, அத்தனை பேர் முன்னாலும், "நான் இன்னும் டாக்டர் இல்லீங்கம்மா. மாத்திரை குடுக்கற உரிமை எனக்கு இல்லை. ஆனா இவங்களை இப்பவே பிரஷர் பார்க்கணும். விட்டா ஜன்னி வந்துடும்" என்றாள். அவள் எதைச் சொல்லக் கூசிக் கோவிலுக்குக் கூடப் போகாமல் இருந்தாளோ, அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னாள்.

செல்போன் சிக்னல் இல்லை. ஒருவர் மேட்டுக்கு ஓடிப் போய் 108-க்குச் சொன்னார். அது வருகிற வரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு ஜீப்பில் ஏற்றி, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இவளும் ஏறிக்கொண்டாள். மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் ரத்த அழுத்தம் 170-க்கு 110. அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு நிமிஷம் கூட வீணாக்கவில்லை. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசியை இரண்டு பக்கமும் போட்டு, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது, எடை குறைவுதான், ஆனால் நன்றாக இருக்கிறது. அந்தப் பெண்ணும் நன்றாக இருக்கிறாள். நம் வாசகிகளில் கர்ப்பிணிகள் பலர் இருப்பீர்கள். விடாத தலைவலி, முகத்திலும் கையிலும் வீக்கம், கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ராத்திரி வீடு திரும்பியதும் மருமகள் புஸ்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை என்னிடம் காட்டினாள். முதல் ஊசி எங்கே, எவ்வளவு, யார் போடலாம் என்று எல்லாம் கேள்வியாக இருந்தது. "இதை ரெண்டு தடவை தப்பாப் போட்டிருக்கேன் அத்தை" என்றாள்.

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் போகி. பரீட்சை சென்னையில். பேரனையும் தூக்கிக்கொண்டு முந்தின நாளே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். உள்ளே ஆபரணம் எதுவும் கூடாது என்று விதி. கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி என் சுருக்குப் பையில் போட்டுவிட்டு, வெறும் கையோடு உள்ளே போனாள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை, மறுபடி இரண்டிலிருந்து நாலரை. வெளியே மரத்தடியில் என்னைப் போல எத்தனை அம்மாக்கள், மாமியார்கள்! ஒருவர் மடியில் ஐந்து மாசக் குழந்தை. பெண் இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டு ஓடினாள். 'எத்தனாவது தடவை?' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்க்கில் இருந்த காபியைப் பகிர்ந்து குடித்தோம்.

வெளியே வந்தவள் "கிணத்துக் கணக்கு வரலை அத்தை" என்றாள். எனக்கு ஏமாற்றமாகக் கூட இருந்தது, போங்கள்.

பொங்கல் கழிந்த வாரம் முடிவு வந்தது. 171. அந்தப் பருவத்திலும் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை என்று என் மகன் படித்துச் சொன்னான். அதைக் கேட்டதும் மரத்தடியில் பார்த்த அந்த ஐந்து மாசக் குழந்தைதான் நினைவுக்கு வந்தது.

தேறிவிட்டால் உடனே போர்டு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்து, இங்கே ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் நிரந்தரப் பதிவு. 2013-ல் புறப்பட்ட பெண், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சின்னசேலத்துச் சகோதரிக்கு இப்போது நேராகவே சொல்கிறேன். அனுப்பக் கூடாது என்று சொல்ல நான் யார்? என் மருமகளே, திரும்பவும் போகச் சொன்னாலும் போவேன் என்கிறாள். ஆனால் ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். 2021 நவம்பர் 18 முதல் தேசிய மருத்துவ ஆணையம் விதிகளை இறுக்கியிருக்கிறது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். படித்த இடத்திலேயே ஒரு வருஷம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அது போக இங்கேயும் ஒரு வருஷம். அந்த நாட்டுக்காரர்களுக்குத் தருவது போலவே அங்கே வைத்தியம் பார்க்கும் உரிமை அவளுக்கும் கிடைக்கக்கூடிய பட்டமாக இருக்க வேண்டும். சேர்ந்ததிலிருந்து பத்து வருஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பரீட்சை எழுதி என்ன பயன்? இந்த நாலைந்து கேள்வியையும் ஏஜெண்டிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கல்லூரிச் செலவுக்கு மட்டும் பணம் எடுத்து வைத்தால் போதாது. திரும்பி வந்த பிறகு சம்பாத்தியம் இல்லாமல் அவள் உட்கார்ந்து படிக்க இரண்டு வருஷச் சாப்பாட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள். கல்யாணத்தை அதற்கு நடுவில் வைப்பதாக இருந்தால், மாப்பிள்ளை வீட்டில் காலை நாலு மணிக்குப் பிள்ளையை யார் தூக்குவார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

மருமகளுக்கு இந்த வாரம் ராத்திரி டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள். பழைய புஸ்தகங்கள் எல்லாம் பரணில் இருக்கின்றன, எடுத்துத் தருகிறேன் என்கிறாள். பத்திரிகை அலுவலகத்தில் என் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு நடை வாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏஜெண்டை வேண்டாம்.